குட்டி போட்ட பச்சை மை

உங்கள் மேசையில் மைப்புட்டி ஏதாவது திறந்திருந்தால் முதலில் அதை மூடுங்கள். மூடிவிட்டீர்களா? இன்னொரு முறை திருகிப் பாருங்கள். சரி, இப்போது படிக்கலாம்.

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக, நெருக்கடியில் முடிவெடுப்பது எப்படி என்று நான் ஏதாவது எழுதித் தர வேண்டும் என்று, என்னோடு வேலை பார்த்த மல்லிகா கேட்டுக்கொண்டார். என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்கமாட்டார்தான். நெருக்கடியில் நான் எடுத்த முடிவுகளை வரிசையாகச் சொல்கிறேன். ஒவ்வொன்றுக்கும் நேர் எதிராக நீங்கள் நடந்துகொண்டால் போதும், நல்ல பேர் வாங்கிவிடலாம். எனக்கு இப்போது ஐம்பத்து மூன்று வயது. வேலையிலிருந்து நானாக விலகி வந்தேன். என்னை அனுப்பிவிட்டார்கள் என்று ஒரு பேச்சு உண்டு, அதை நம்பாதீர்கள். அதற்குத் தேவையான அளவுக்குக் காரணம் நான் கொடுத்திருந்தும் அவர்கள் அனுப்பவில்லை. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

நம் தொழில் உங்களுக்குத் தெரியும். ஒரு பெரிய நிலத்தைக் கொடுப்பார்கள். நாம் அதில் சாலை போட்டு, சாக்கடை போட்டு, மனைகளாகப் பிரித்து வரைபடம் தருவோம். வீட்டுமனைக்கு மஞ்சள், கடைக்கு நீலம், பூங்காவுக்குப் பச்சை. இந்த மூன்று நிறத்தையும் படிக்கத் தெரியாத ஆள் பெங்களூரில் கிடையாது. பிறந்த குழந்தைகூட வரைபடத்தை விரித்தால் பச்சை எங்கே என்றுதான் பார்க்கும்.

ஒக்கலிபுரம் பக்கம் ஒரு பழைய மர டிப்போ. அப்பா காலமான பிறகு நிலம் இரண்டு மகன்களுக்கு வந்தது. பெரியவர் வரதன், சின்னவர் சம்பத். இரண்டு பேரும் பல வருடங்களாகப் பேசிக்கொள்வதில்லை. ரிச்சர்ட்ஸ் டவுனில் இருந்த நம் அலுவலகத்துக்கு வருவார்கள். எனக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் உட்காருவார்கள்.

"சார், நடுவுல ரோடு போட்டா எனக்கு ஓகேன்னு அவர்கிட்ட சொல்லுங்க" என்பார் பெரியவர்.

நான் திரும்புவேன்.

"காது கேக்குது, நீங்க சொல்ல வாணாம்னு அவர்கிட்ட சொல்லுங்க" என்பார் சின்னவர்.

நான் மறுபடி திரும்புவேன். அந்த ஒரு வேலையில் என் கழுத்து தேய்ந்தது.

இருவருக்கும் ஒரே ஒரு நிபந்தனை. அவருக்கு எவ்வளவோ எனக்கும் அவ்வளவு. நாம் நடுவில் சாலை போட்டு, இடது பாதியையும் வலது பாதியையும் கண்ணாடியில் பார்த்ததுபோல வரைந்தோம். அவர் பக்கம் மூலைமனை என்றால் இவர் பக்கமும் மூலைமனை. சட்டப்படி விட வேண்டிய பூங்காவைப் பின்னால், பெரிய சாக்கடையை ஒட்டி, பொதுவாக ஒதுக்கினோம். கொசுவுக்கு மட்டும் வசதியான இடம். அதிலும் ஆளுக்குப் பாதி சாக்கடை.

கையெழுத்து வாங்கியது தனிக் கதை. அவர் போட்டால் நான் போடுகிறேன் என்று இருவரும் சொன்னார்கள். முதலில் போடுகிறவர் தோற்றவர் என்று இருவருக்கும் நினைப்பு. கடைசியில் பெரிய தாளை விரித்து, இந்த முனையில் ஒருவரையும் அந்த முனையில் ஒருவரையும் நிறுத்தி, மல்லிகா ஒன், டூ, த்ரீ சொல்ல, இரண்டு பேனாவும் ஒரே நேரத்தில் இறங்கின. அந்தத் தாளை இன்னொரு முறை அச்சடித்து இன்னொரு முறை கையெழுத்து வாங்குவது என்பது இந்தப் பிறவியில் நடக்காது. அலுவலகத்தில் எல்லோருக்கும் இது தெரியும். முக்கியமாக எனக்குத் தெரியும்.

மறுநாள், வரைபடத்தைப் பார்த்துக் கருத்துச் சொல்ல அக்கம்பக்கத்தார் கூட்டம். நம் அலுவலகத்தை நடத்தும் மேடத்தின் விதி ஒன்று உண்டு, இன்றைக்கும் அதுதான் விதி என்று நினைக்கிறேன்: நிலத்துக்காரர் எந்தத் தாளில் கையெழுத்துப் போட்டாரோ அதே தாள்தான் கூட்டத்தில் தொங்க வேண்டும். நகல் கிடையாது. வேறொரு அலுவலகத்தில் ஒன்றைக் காட்டிவிட்டு இன்னொன்றில் கையெழுத்து வாங்கி, கூட்டத்தில் நாற்காலிகள் பறந்தனவாம். மேடம் என்னைவிட ஆறேழு வயது சின்னவர். பெயரைப் போட்டால் கோபித்துக்கொள்வார், அதனால் மேடம் என்றே இருக்கட்டும். அதிகம் பேசமாட்டார். அவர் பேசாமல் பார்க்கும்போது நமக்குத்தான் எல்லாவற்றையும் சொல்லிவிடத் தோன்றும்.

தாளின் அடியில் "தயாரித்தவர்" என்று ஒரு கட்டம். அதில் நான் கையெழுத்துப் போட வேண்டும். சட்டைப்பையில் இருந்த நீல பால்பாயின்ட்டில் போட்டிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. ஆனால் முதல் நாள் சாயங்காலம்தான் சிவாஜிநகரில் ஒரு கடையில் அந்த மையை வாங்கியிருந்தேன். பச்சை என்றால் சாதாரணப் பச்சை இல்லை. கிளி பார்த்தால் வெட்கப்படும். இருட்டில் வைத்தால் கொசு வந்து உட்காருமோ என்று தோன்றும். எனக்கு ஊற்றுப்பேனா என்றால் ஒரு கிறுக்கு. இந்த மையை அன்றே ஏதாவது ஒரு நல்ல தாளில் போட்டுப் பார்க்காவிட்டால் செத்துவிடுவேன் போல இருந்தது. கண்ணெதிரில் மினுமினுப்பாக ஒரு பெரிய தாள் கிடக்கிறது.

"என்னா சார், பேனாவுக்குப் புதினா சட்னி ஊத்தினீங்களா?" என்றார் மல்லிகா.

"ரசனை வேணும்மா இதுக்கெல்லாம்" என்றேன்.

பேனா எழுதவில்லை. புது மை, இன்னும் முள்ளுக்கு இறங்கவில்லை. ஊற்றுப்பேனாக்காரன் என்ன செய்வான்? உதறுவான். உதறினேன்.

எழுதாத பேனாவிலிருந்து அவ்வளவு பெரிய சொட்டு எப்படி வந்தது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. தாளைத் தாண்டிப் போயிருக்கலாம், என் சட்டையில் விழுந்திருக்கலாம். நேராகப் போய் மெயின் ரோட்டைப் பார்த்த மூலைமனையில் விழுந்தது. பெரியவர் பக்கத்து மூலைமனை. அவர் அதில் வீடு கட்டிக்கொள்ளப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்த மனை.

இனி என் முடிவுகளைக் கவனியுங்கள்.

முதல் முடிவு, ஊதினேன். காயட்டும் என்று ஊதினேன். சொட்டு உருண்டையாக இருந்தது. நான் ஊதியதும் அதற்கு ஒரு வால் முளைத்து, பக்கத்து மனையையும் எட்டிப் பார்த்தது.

"தொடாதீங்க சார்! சும்னே இருங்க!" என்று மல்லிகா கத்தினார்.

இரண்டாவது முடிவு, தொட்டேன். கைக்குட்டை நுனியை நாக்கில் நனைத்து ஓரத்தை ஒற்றினேன். நனைத்தேன், ஒற்றினேன், மறுபடி அதே நுனியை நாக்கில் வைத்தேன். பொட்டு கொஞ்சமும் குறையவில்லை. என் உதடு பச்சையானது.

அப்போது வெளியே மேடத்தின் கார் ஹாரன். கூட்டத்துக்குக் கிளம்ப வேண்டும். தாளைச் சுருட்டிப் போடும் குழாய் எங்கே என்று தேடினேன். அது என் கையிலேயே இருந்தது என்று பின்னால் மல்லிகா சொன்னார். மூன்றாவது முடிவு, தாளை நடுவில் சரிபாதியாக மடித்தேன், படம் உள்பக்கம் இருக்கும்படி. அரை மீட்டர் நீளத்துக்கு ஒரு மடிப்பு. மேடம் பார்த்தால் கேட்பாரே என்று காரின் பின் இருக்கையில் அதைப் போட்டு மேலே உட்கார்ந்துகொண்டேன்.

மேடம் ஓட்டினார். மல்லிகா முன்னால். நான் பின்னால், நம் நாட்டின் மிக முக்கியமான ஆவணத்தின் மேல்.

ஒவ்வொரு சிக்னலிலும் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். முதல் சிக்னலில், "மேடம், இன்னைக்கு வெயில் ஜாஸ்தி" என்றேன். அடுத்ததில், "மேடம், இந்த பிரிட்ஜ் எப்ப முடிப்பாங்க?" என்றேன். மூன்றாவதில் மேடம் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"உதட்டுல என்ன?"

"புதினா, மேடம்."

மல்லிகாவுக்கு இருமல் வந்துவிட்டது. வேலை போனால் என்ன செய்வது என்று யோசித்தேன். பேனா ரிப்பேர் கடை வைக்கலாமா என்றுகூட நினைத்தேன்; அந்த நேரத்திலும் பேனாதான் நினைவுக்கு வந்தது பாருங்கள். வண்டி நகரவில்லை. என் எடையும் பெங்களூர் போக்குவரத்தும் சேர்ந்து நிதானமாகத் தாளை அழுத்திக்கொண்டிருந்தன.

கூட்டம் ஒரு பள்ளிக்கூட ஹாலில். அக்கம்பக்கத்தார் நிறையப் பேர் வந்திருந்தார்கள். முன்வரிசையில் பிலோமினா டீச்சர். ஓய்வுபெற்ற பி.டி. டீச்சர், அந்தப் பகுதியில் காலை நடைபயிற்சிக் கூட்டத்துக்குத் தலைவர், கழுத்தில் இன்னும் விசில் இருக்கிறதோ என்று பார்க்கத் தோன்றும் குரல். நடக்க இடமில்லாமல் பஸ் போகும் சாலையில் நடக்கிறோம், சாக்கடை ஓரம் பூங்கா வைத்தால் நாங்கள் என்ன பெருச்சாளியா என்று கேட்டு ஏற்கெனவே இரண்டு முறை அலுவலகத்துக்குப் போன் செய்திருந்தார். ஹாலின் இந்தக் கோடியில் வரதன், அந்தக் கோடியில் சம்பத்.

மேடம் ஹால் வாசலில் யாரோடோ பேசிக்கொண்டிருக்க, நானும் மல்லிகாவும் தாளைப் பலகையில் விரித்தோம். மல்லிகா என் காதருகில் வந்து சொன்னார்.

"சார், இது குட்டி போட்டிருக்கு."

பார்த்தேன். பெரியவர் பக்கத்து மூலைமனையில் பச்சை. சின்னவர் பக்கத்து மூலைமனையிலும் பச்சை. அதே உருண்டை. அதே வால், எதிர்ப்பக்கம் பார்த்தபடி. நாங்கள் கணினியில் வரைந்திருந்தால்கூட இவ்வளவு சுத்தமாக வந்திருக்காது.

தாளை இழுத்துப் பிய்த்துக்கொண்டு ஓடிவிடலாமா என்று நினைத்தேன். அதற்குள் பிலோமினா டீச்சர் எழுந்துவிட்டார்.

"ஏய், பார்க்! மெயின் ரோட்ல பார்க்! ரெண்டு பார்க்!"

கைதட்டல். செல்போன்கள் மேலே எழுந்தன. நான் அடுத்த மூச்சு விடுவதற்குள் அந்தப் படம் அவர்களுடைய வாட்ஸாப் குழுவுக்குப் போய், அங்கிருந்து அவர்கள் மருமக்கள் இருக்கும் அமெரிக்காவுக்கும் போயிருக்கும். ஒரு அம்மா என் கையைப் பிடித்துக் குலுக்கி, "ஒள்ளேதாகலி சார், நல்லா இருங்க" என்று வாழ்த்தினார்.

நான் சகோதரர்களைத்தான் பார்த்தேன். பெரியவர் எழுந்தார், கண்ணாடியை மாட்டினார், பலகைக்கு வந்தார். தன் பக்கத்தை அவர் பார்க்கவே இல்லை. நேராகத் தம்பி பக்கத்தைப் பார்த்தார். அதே நேரம் சின்னவரும் வந்து அண்ணன் பக்கத்தைப் பார்த்தார்.

"அவருக்கும் போச்சா?" என்று பெரியவர் என்னிடம் கேட்டார்.

"போ... போயிருக்கு சார்."

"எவ்ளோ?"

"அதே அளவு."

"ம்." போய் உட்கார்ந்துவிட்டார்.

சின்னவர் விரலால் இந்தப் பக்கம் அளந்தார், அந்தப் பக்கம் அளந்தார். "சரிதான், கரெக்டா இருக்குன்னு அவர்கிட்ட சொல்லிடுங்க" என்றார். அவரும் போய் உட்கார்ந்துவிட்டார்.

சண்டை வரும் என்று நடுங்கிக்கொண்டிருந்த எனக்கு, சண்டை வராததும் நடுக்கமாகத்தான் இருந்தது. ஹாலில் எல்லோரும் சந்தோஷம். இனி நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். நான்காவது முடிவாக அதைத்தான் எடுத்துக்கொண்டிருந்தேன். மேடம் பக்கத்தில் வந்து நின்றார். தாளைப் பார்த்தார். என் உதட்டைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார்.

"அதே புதினாவா?"

"மேடம், பேனாவை உதறினேன். மடிச்சதுல அந்தப் பக்கமும்..."

"மேடையேறிச் சொல்லுங்க."

"எல்லாரும் சந்தோஷமா இருக்காங்களே, மேடம்."

"அதான் இப்பவே சொல்லணும். இப்ப சொன்னா சிரிப்பாங்க. அடுத்த மாசம் தெரிஞ்சா அடிப்பாங்க. நிலம் அவங்களது. எதைக் கொடுக்கறோம்னு தெரியாம யாரும் எதையும் கொடுக்கக் கூடாது."

இவ்வளவு நீளமாக மேடம் பேசி நான் கேட்டதில்லை. நீங்கள் இந்தக் கட்டுரையிலிருந்து ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்ள வேண்டும் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். தவறைச் சொல்ல நல்ல நேரம் வரும் என்று நாம் காத்திருப்போம். முதல் சிக்னலில் அந்த நேரம் இருந்தது. நான் வெயிலைப் பற்றிப் பேசினேன்.

மேடை ஏறினேன். "அன்பானவர்களே, நீங்கள் பார்ப்பது பூங்கா இல்லை. அது மை. நான் பேனாவை உதறியபோது விழுந்த ஒரு சொட்டு. மன்னிக்க வேண்டும்" என்றேன்.

முதலில் ஒரு சிரிப்பு. பிறகு பிலோமினா டீச்சர்.

"ஒரு சொட்டு எப்படி சார் ரெண்டு எடத்துல விழும்?"

"அது மடிச்சதுல டீச்சர்..."

"ரெண்டு பக்கமும் ஒரே அளவுலயா? சரியா மூலைமனையிலயா? எங்களைப் பார்த்தா எப்படித் தெரியுது?"

"தாளை மடிச்சி அது மேல உக்காந்தேன்."

"உக்காந்தீங்க! கேட்டீங்களா? கவர்ன்மென்ட்டுக்குப் போற பிளான் மேல உக்காந்தாராம்!"

நான் என் உதட்டைக் காட்டினேன். "பாருங்க, இதே மைதான்."

"கண்ட பீடாவைப் போட்டுட்டு வந்து மேடையேறறாங்க" என்றது பின்வரிசைக் குரல் ஒன்று. "யாரு சார் உங்களை இப்படிப் பேசச் சொன்னது? பார்க்கைத் திரும்பப் புடுங்கப் பாக்கறீங்களா?" என்றது இன்னொரு குரல். ஒரு நாற்காலி லேசாக நகர்ந்தது. பறக்கவில்லை, ஆனால் தயாரானது.

உண்மையைச் சொல்ல எவ்வளவு பயந்தேனோ, அதைவிடப் பயமாக இருந்தது அதை யாரும் நம்பாதது. பொய் சொல்லும்போது நான் எப்போதாவது நம்பவைத்துவிடுவேன். உண்மைக்கு எனக்குப் பயிற்சி போதவில்லை.

பெரியவர் எழுந்தார். "மையோ மண்ணோ, ஊரு முன்னாடி பச்சைன்னு தொங்கிடுச்சு. நான் திரும்ப எடுத்துக்கறதா இல்லன்னு அவர்கிட்ட சொல்லுங்க."

"அவரு எடுக்கலன்னா நானும் எடுக்கல" என்றார் சின்னவர் என்னைப் பார்த்து.

கைதட்டல் காதைப் பிளந்தது. நான் இறங்கப் பார்த்தேன். மேடம் விடவில்லை, அவரே மேடையேறினார்.

"ரொம்ப சந்தோஷம். ஆனா இதை இன்னைக்கு நாங்க எடுத்துக்க மாட்டோம். இத்தனை பேரு கை தட்டறப்ப யாரும் முடியாதுன்னு சொல்ல முடியாது. ரெண்டு பேரும் வீட்டுக்குப் போய் யோசிங்க. வேணாம்னா புதுத் தாள் நாங்க போடறோம். எங்க தப்பு, எங்க செலவு. டீச்சர், அதுவரைக்கும் பச்சை இல்லன்னு வெச்சுக்கோங்க."

பிலோமினா டீச்சர் மேடத்தை முறைத்தார். பிறகு என்னை முறைத்தார், அது இன்னும் கொஞ்ச நேரம் நீடித்தது. "நாளைக்கும் நாங்க பஸ்ஸு நடுவுலதான் நடக்கணும். அதை மட்டும் ரெண்டு பேரும் ஞாபகம் வெச்சுக்கங்க" என்று சகோதரர்கள் பக்கம் திரும்பிச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அந்த வாரம் நான் எப்படி இருந்தேன் என்று கேட்காதீர்கள். போன் அடித்தால் எழுந்து நின்றேன். புதுத் தாளுக்கு அவர்கள் இருவரையும் மறுபடி இரு முனையிலும் நிறுத்துவதுபோலக் கனவு. கனவில் மல்லிகா ஒன், டூ வரை சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்.

கடைசியில் பெரியவரிடமிருந்து போன். "டிப்போவுக்கு வாங்க. டேப் எடுத்துட்டு வாங்க."

மல்லிகா வேறு வேலையில் இருந்தார். நான் மட்டும் போனேன். பெரியவர் கையில் வரைபடத்தின் படம். செல்போனில் பெரிதாக்கி வைத்திருந்தார்.

"நல்லா பார்த்தேன். அவனுது சின்னதா இருக்கு."

உண்மைதான். மடிப்பில் ஒட்டிய பச்சை, மூலப் பச்சையைவிட ஓரத்தில் இம்மி குறைவு. நிலத்தில் அது இரண்டு அடி வரும். வருடக்கணக்கில் இழுத்த சமரசம் இரண்டு அடியில் போகப் போகிறது.

"சார், அது அச்சுல வந்த..."

"இருக்கட்டும்" என்றார் அவர். டிப்போவின் காய்ந்த மரத்தூளைக் காலால் தள்ளிக்கொண்டிருந்தார். "நான்தானே மூத்தவன். ரெண்டு அடி கூடப் போனா போகட்டும். அப்படியே போட்டுடுங்க. அவன்கிட்ட சொல்ல வேணாம்."

அவர் பார்க்காதபடி மூக்கைத் துடைத்துக்கொண்டேன். ஆனால் சின்னவர் ஏற்கெனவே வந்து, அடுக்கி வைத்த மரத்துக்குப் பின்னால் நின்றிருக்கிறார். டேப் கொண்டுவரச் சொன்னது அவர் காதுக்கும் போயிருக்கிறது.

"அவரு மட்டும் பெரிய மனுஷன், நான் என்ன கஞ்சனா? என் பக்கமும் ரெண்டு அடி சேத்துப் போடுங்கன்னு அவர்கிட்ட..." பாதியில் நிறுத்தினார். என்னைப் பார்த்தார். நானும் பழக்கத்தில் பெரியவர் பக்கம் திரும்பத் தொடங்கியிருந்தேன்.

"அளந்துடலாம் சார்" என்றேன். அளக்க இரண்டு பேர் வேண்டும். நான் குறிக்க வேண்டும், கையில் சுண்ணாம்பு. டேப்பின் வளையத்தைப் பெரியவரிடம் நீட்டினேன். பெட்டியைச் சின்னவரிடம் கொடுத்தேன். இருவரும் வாங்கிக்கொண்டார்கள். சின்னவர் பின்னால் நடந்து போனார், நாடா நீண்டுகொண்டே போனது, நடுவில் தொங்கி மரத்தூளைத் தொட்டது.

பெரியவர் என்னைப் பார்த்தார். நான் குனிந்து சுண்ணாம்பைப் பார்த்துக்கொண்டேன். அன்று நான் எடுத்த ஒரே நல்ல முடிவு அதுதான்.

"டேய், தொய்யுதுடா. இழுத்துப் புடி."

"புடிச்சிட்டுதான் இருக்கேன். நீ உன் பக்கம் விடாம இரு."